சாதிக் கையெழுத்துப் போடாத தாள்

மெஷினிலிருந்து இறங்கிய ஷாஃப்டை சாதிக் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தான். சுட்ட சோளக்கதிரைப் பொறுமையில்லாதவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். என் மேஜையில் அதை வைத்துவிட்டுக் கையை உதறினான்.

“ரெண்டு நிமிசம் ஆறட்டும்ணா. கூலன்ட் பைப்பு அடைச்சிக்கிச்சு போல. இன்னிக்கு எல்லாமே ரொம்ப சூடா இறங்குது.”

ஓசூரில் மார்கழிக் காலை எப்படி இருக்கும் என்பது முதல் ஷிப்டுக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். ஷட்டருக்கு அடியில் பனி புகுந்து காலைப் பிடிக்கும். ஸ்வெட்டருக்கு மேல் யூனிஃபார்ம் போட்டு, காதுக்கு மஃப்ளர் கட்டி நிற்போம். அந்தக் குளிரில், என் மேஜைமேல் இருந்த இரும்புத் துண்டிலிருந்து எண்ணெய் வாசனையோடு மெல்லிய ஆவி கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் லைன் இன்ஸ்பெக்டர். சாதிக் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். அவன் கடைந்து தருவதை அளந்து பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்வது என் வேலை. வெளியே சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டது. பக்கத்து மெஷின்காரர்கள் இரண்டு பேர் டீக்காகக் காத்து நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் ஆறவிட்டிருப்பேனோ என்னவோ.

“எத்தன வருசமா மைக்ரோமீட்டர் பிடிக்கேன்னு தெரியுமாடா? எனக்கே கிளாஸ் எடுக்கியா?” என்று சூட்டோடு எடுத்து அளந்தேன். அளவு கூடுதலாகக் காட்டியது. “ஓவர் சைஸ். ஆஃப்செட்டக் கொறச்சுப் போடு.”

“ஆறுனா சரியா வந்துரும்ணா. இப்ப கொறைச்சா அப்புறமேட்டு மாட்டிக்குவோம்.”

“போடுடா.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “நீங்க சொல்றீங்க, போட்டுட்றேன்” என்று மெஷினுக்குப் போனான்.

ஃபேக்டரிப் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஃப்செட் என்பது, இன்னும் கொஞ்சம் சீவு அல்லது குறைத்துச் சீவு என்று மெஷினுக்குச் சொல்லும் எண். இரும்பு சூட்டில் லேசாக உப்பும். ஆறினால் பழைய அளவுக்கு வந்துவிடும். சூட்டில் அளந்துவிட்டு, கூடுதலாக இருக்கிறது என்று சீவினால், ஆறிய பிறகு தேவைக்கு மேல் மெலிந்துபோகும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் பருமனாக இருந்தால் இன்னொரு தடவை சீவலாம், மெலிந்ததை ஒட்டவைக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

மூக்கண்டப்பள்ளி அறை

சாத்தூரை விட்டு ரயிலேறிய கதையைப் போன வாரம் சொன்னேன். வந்து சேர்ந்த இடம் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி. வரிசையாகப் பத்து அறை, பின்னால் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, மாடியில் துணிக்கொடி. ஓர் அறையில் திருச்சிக்காரர்கள், அடுத்ததில் தேனிக்காரர்கள். வீட்டு உரிமையாளர் தெலுங்கில் திட்டுவார், அவர் மனைவி கன்னடத்தில் சமாதானம் சொல்வார், நாங்கள் தமிழில் முழிப்போம்.

என் அறைக்கு வந்தவன் சாதிக். கிருஷ்ணகிரிக்காரன். அவனுடைய அத்தா அங்கே சந்தையில் வெங்காய வியாபாரி. என்னைவிட ஆறு வயது இளையவன். தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் தண்ணீர் மாதிரி வரும் அவனுக்கு. பால்காரரிடம் ஒரு மொழி, காய்கறிக்காரம்மாவிடம் ஒரு மொழி பேசிவிட்டு, என்னிடம் வந்து, “என்னாணா, உங்க ஊர்ல மட்டும் ஏன் எல்லாரும் சண்ட போட்ற மாதிரியே பேசுறீங்க?” என்பான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சமையல். காலையிலேயே கறி வாங்கி வந்து, பருப்போடு சேர்த்துத் தால்சா வைப்பான். வாசனைக்குத் தேனிக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். சாப்பிட்டு முடித்து நான் மலைக்கோயிலுக்குக் கிளம்பினால் கூடவே வருவான். அடிவாரத்தில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு கடலை கொறித்தபடி உட்கார்ந்திருப்பான். கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறேனே என்று எனக்குத் தோன்றியதில்லை, அவனுக்குத்தான் தோன்றும். “நாளைக்குப் போவலாம்ணா, சாமி எங்கியும் போவாது” என்று தடுத்தும் பார்ப்பான்.

ஒரு வாரம் நான் துணி துவைத்தால் அடுத்த வாரம் அவன். எங்கள் இரண்டு பேருடைய யூனிஃபார்மும் ஒரே வாளியில்தான் ஊறும்.

மீசையில் மண்

தப்பை ஒத்துக்கொள்ளாத குணம் எனக்குப் பரம்பரைச் சொத்து. என் அப்பா ஒருமுறை கோவில்பட்டிக்குப் போக வேண்டியவர், விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாதி வழியில் தெரிந்துவிட்டது. இறங்கவில்லை. விருதுநகர் வரை போய், அங்கே ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “அவரப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னுதாம் போனேன்” என்றார். கோவில்பட்டியில் அவருக்காக மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள், என் அத்தையின் கல்யாணப் பேச்சு. அது அத்தோடு நின்றுபோனது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் மீசை முளைக்காதவர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அப்பா கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். சாதிக்கிடமும் சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, “அந்த அத்தைக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சாணா?” என்று கேட்டான். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனது, நான்கு வருஷம் கழித்து.

ஐந்து ஏன்

அன்றைக்கு மணிக்கு ஒரு தரம் போய் அளந்தேன். ஒவ்வொரு தரமும் சூட்டோடுதான். ஒவ்வொரு தரமும் அளவு அச்சு மாதிரி இருந்தது. சாதிக்கைப் பார்த்துப் புருவத்தை வேறு தூக்கிக் காட்டினேன்.

மத்தியானம் கடைசிப் பரிசோதனையில் ஆறிய சரக்கை அளந்தார்கள். காலையிலிருந்து ஓடியது அத்தனையும் மெலிந்திருந்தது. தொட்டி தொட்டியாக, கழித்துக்கட்டிய சரக்கைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் போனது. லாரி காலியாகத் திரும்பியது.

மறுநாள் காலை மேனேஜர் ரெட்டி சார் அறையில் கூட்டம். எங்கள் கம்பெனியில், பெயர் வேண்டாம், எந்தத் தப்பு நடந்தாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். ‘ஒய்-ஒய்’ தாள் என்போம். ஐந்து கட்டம் இருக்கும். ஏன் நடந்தது? அது ஏன்? அது ஏன்? இப்படி ஐந்து முறை கேட்டால் தப்பின் வேர் கிடைத்துவிடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எழுதுகிறவன் கை சரியாக இருக்க வேண்டும். என் கையெழுத்து அழகு என்பதால் எப்போதும் நான்தான் எழுதுவேன். ஐந்தாவது கட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆபரேட்டர் வந்து நிற்பார்: ‘கவனக்குறைவு.’

ஆஃப்செட்டை மாற்றினால் ரெஜிஸ்டரில் ஆபரேட்டரும் இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட வேண்டும். சாதிக் போட்டிருந்தான். என் இடம் காலியாக இருந்தது. டீ வந்துவிட்டதால் அப்புறம் போடலாம் என்று போனவன் மறந்துவிட்டேன். ஆக, காகிதத்தில் பார்த்தால் அவனே யாரையும் கேட்காமல் மாற்றிய மாதிரிதான் இருந்தது.

“ஆஃப்செட் யாரப்பா போட்டது?” என்றார் ரெட்டி சார்.

“நான்தான் சார் போட்டேன்” என்றான் சாதிக். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

அறையில் ஏழு பேர் இருந்தோம். ஃபேன்கூட ஓடவில்லை. போடச் சொன்னது யார் என்பதை அவனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்வதற்காக இடம் விட்டு நின்றான். நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சாதிக் அப்போது கான்ட்ராக்ட்காரன். அந்த மாதம்தான் அவனை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதற்காக வீட்டில் கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிவைத்திருந்தார்கள். எனக்குக் குவாலிட்டி இன்சார்ஜ் பதவி வருவதாகப் பேச்சு. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஐந்தாவது கட்டத்தில், ‘ஆபரேட்டர் அனுமதியின்றி ஆஃப்செட் மாற்றினார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அவனிடம் சொல்லிவிட்டார்.

கொடியில் ஒரு சட்டை

அவன் சண்டை போடுவான் என்று நினைத்து, அன்று சாயங்காலம் அறைக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் திரும்பி வந்தபோது அவன் பெட்டி இல்லை. அடுப்புமேடை துடைத்திருந்தது. மாடிக்குப் போனேன். அந்த வாரம் துவைக்கும் முறை அவனுடையது. எங்கள் யூனிஃபார்ம் இரண்டையும் துவைத்திருக்கிறான். தன்னுடையதை ஈரத்தோடு பையில் திணித்து எடுத்துப்போய்விட்டான். என்னுடையதைச் சுருக்கம் இல்லாமல் உதறி, கொடியில் கிளிப் போட்டு விட்டிருந்தான்.

அந்தச் சட்டையை மறுநாள் என்னால் போட முடியவில்லை. போடாமல் இருக்கவும் முடியாது, என்னிடம் இருந்ததே இரண்டு செட்தான்.

அதன் பிறகு போன் செய்தால் எடுக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்காரர்கள் எட்டிப் பார்த்து, “சாதிக் எப்பண்ணே வருவான்?” என்று கேட்பார்கள். நான் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். எதிரே சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவனுக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. மூன்று வாரம் தாங்கினேன்.

என்ன கேப்?

நான்காவது வாரம் ரெட்டி சாரிடம் போனேன். அறையிலிருந்து கிளம்பும்போது முழுசாகச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது வேறு: “சார், அந்த ஆஃப்செட் விஷயத்துல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.”

“அயிப்போயிந்தி, ஒதிலேயப்பா” என்றார். முடிந்துபோனதை விடு என்று அர்த்தம். நான் நகராமல் நின்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் நல்ல ஆபரேட்டர் தேவைப்பட்டது. “தாளை மாத்தி எழுது. ஆபரேட்டருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவுல கம்யூனிகேஷன் கேப்னு போடு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அவனை எடுத்துக்கலாம்” என்றார்.

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை. என் பதவிக்கும் ஆபத்தில்லை. அன்றே பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். சாதிக்கின் அம்மா என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். “உங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பான் தம்பி. இப்பத்தான் கொஞ்ச நாளா பேசறதில்ல” என்றார். டீயைப் பாதியில் கீழே வைத்தேன்.

சாதிக் வந்தான். “மறுபடி எடுத்துக்கிறாங்கடா. நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றேன். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை மறக்க நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். “சொல்லிட்டீங்களாணா?” என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் ரெட்டி சார் அறை. நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த தாளை அவனிடம் நீட்டினார். சாதிக் நின்றபடியே படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். பிறகு ரெட்டி சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“என்னாணா இது, கேப்பு? ஆறட்டும்னு நான் சொன்னேன். நீங்க கேட்டீங்க. கேட்டுட்டுத்தான் போடுன்னு சொன்னீங்க. இதுல கேப்பு எங்க இருக்குது?”

ரெட்டி சார் என்னைப் பார்த்தார். “என்னப்பா சொல்றான்?”

கடவுள் ஒருவனுக்கு இரண்டாம் தடவையும் கதவைத் திறந்துவிடுவது அபூர்வம். எனக்குத் திறந்துவிட்டார். ஆமாம் சார், அவன் சொல்வதுதான் உண்மை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். “விடு சாதிக், வேலதான கிடைக்குது, போட்டுட்டுப் போவோம்” என்றேன்.

அவன் பேனாவை மூடி, தாளின்மேல் வைத்தான். “இல்ல சார், எனக்கு வேணாம்” என்று ரெட்டி சாரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். கேட் வரைக்கும் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையைவிட ஒரு காகிதம் பெரிதா, இவ்வளவு பிடிவாதம் ஆகுமா என்று ரொம்ப நாள் அவன்மேல் கோபமாக இருந்தேன். கோபமாக இருப்பது சௌகரியமாக இருந்தது. அந்தத் தாளில் அவன் கையெழுத்துப் போட்டிருந்தால், என் தப்பில் பாதியை அவன் வாங்கிக்கொண்டது போல ஆகியிருக்கும். முழுப் பொய்யை அவன் பொறுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி உண்மையைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. எனக்கு இது விளங்கவே வருஷங்கள் ஆயின.

குவாலிட்டி இன்சார்ஜ் பதவி எனக்கு வந்தது. வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பா ஊர் முழுக்கச் சொன்னார்.

சார்

போன மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியில் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் சாதிக். காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவி, ஒரு பெண் குழந்தை. குழந்தையின் இலையில் சோற்றைப் பரப்பி விரலால் ஆற்றிக்கொண்டிருந்தான். அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷாப் இன்சார்ஜாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். பார்த்ததும் சிரித்தான். நல்ல சிரிப்பு, குறை சொல்ல முடியாது.

“நல்லா இருக்கீங்களா சார்? வீட்ல எல்லாரும் சவுரியமா?”

சார் என்றான். ணா என்று இழுத்துக் கூப்பிட்ட வாய் அது. அடித்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது. “சாதிக், அன்னைக்கு நாம...” என்று ஆரம்பித்தேன். பாருங்கள், அப்போதும் ‘நாம’ என்றுதான் வருகிறது.

“அதெல்லாம் பழைய கதை சார். விடுங்க. பாயசம் சாப்டீங்களா? நல்லாருக்குது” என்றான். குழந்தையின் கையைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மன்னித்தவர்களும் ‘விடுங்க’ என்றுதான் சொல்கிறார்கள், இனிமேல் உன்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அந்தப் பழைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ரெட்டி சார் மகனோடு வெளியூரில் இருக்கிறார். அந்தத் தாள் எந்த எடைக்கடைக்குப் போனதோ. ஆனால் அன்று அந்த அறையில் எங்களைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். சாதிக் என்றால் கேட்காமல் ஆஃப்செட் மாற்றியவன் என்று அவர்களில் சிலராவது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பத்திரிகை ஓசூர் டீக்கடைகளில் கிடக்கும், யாராவது ஒருவர் கண்ணில் படும்.

ஆகையால் எழுதுகிறேன். ஆஃப்செட்டை மாற்றச் சொன்னது நான். வேண்டாம், ஆறட்டும் என்று சொன்னது சாதிக். அவன் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும் மாற்றச் சொன்னேன். பிறகு அவன் தலையில் கட்டினேன். அவன் பக்கம் ஒரு இம்மிகூடத் தப்பு இல்லை.

இதை என் மனச்சாட்சிக்காகத்தான் எழுதினேன், அவனிடமிருந்து ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை என்று முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். அது இன்னொரு பொய். அவன் இதைப் படிக்க வேண்டும், என்னை ஒரே ஒரு தடவை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.